மகள் மடத்துக்குப் போய்விடுவாளோ என்று பயப்படும் ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிளஸ் ஒன். பள்ளியில் ஒய்.சி.எஸ். என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் தலைவி. ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் பாடகர் குழு, திருப்பலி முடிந்ததும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. காலாண்டில் கணக்கு மார்க் இறங்கிவிட்டது. இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில்தான் உண்மையான பயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள்: "மடத்துக்குப் போய்விடுவாளோ?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அது ஒரே நாளில் சாத்திவிடும் கதவு இல்லை. திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாதவரை நவதுறவகத்தில், அதாவது துறவுப் பயிற்சி இல்லத்தில், சேர்த்தால் அது செல்லாது. நவதுறவே குறைந்தது 12 மாதம். வார்த்தைப்பாடு என்பது துறவு வாழ்க்கைக்குக் கொடுக்கும் வாக்குறுதி. முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும், அதுவும் தற்காலிகம்தான். அப்படிக் குறைந்தது 3 வருடம் வாழ்ந்த பிறகு, 21 வயதும் நிறைந்திருந்தால்தான் வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு. திருச்சபையே இவ்வளவு பொறுமையாக இருக்கும்போது, காலாண்டுத் தேர்வு நேரத்தில் நீங்கள் ஏன் முடிவு கட்ட வேண்டும்? சாப்பிடும்போது அவளிடம் அதைப் பற்றிக் கேட்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டால், அவள் மனதில் இல்லாத எண்ணத்தையும் நாமே நட்டுவிடுவோம்.

இப்போதைக்குப் பார்க்க வேண்டியது வேறு. அந்த இயக்கத்தில் அவள் என்னதான் செய்கிறாள்?

ஒய்.சி.எஸ். வெறும் செபக் கூட்டம் இல்லை. "பார், சிந்தி, செயல்படு" என்ற அதன் முறை, இளம் தொழிலாளர்களோடு உழைத்த பெல்ஜிய நாட்டுக் குரு ஜோசப் கார்டைனிடமிருந்து வந்தது. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தம் சுற்றுமடலில் இந்த மூன்று படிகளையும் பரிந்துரைத்தார். மற்ற மதத்துப் பிள்ளைகளும் ஒய்.எஸ்.எம். (இளம் மாணவர் இயக்கம்) என்ற பெயரில் இதே முறையில் கூடுகிறார்கள்.

போன வருடம் என்னிடம் வந்த ஒரு மாணவியின் கூட்டக் குறிப்பு நோட்டைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில், "எட்டாம் வகுப்பில் மூன்று பேர் மத்தியானம் சாப்பிடுவதில்லை. ஏன்?" என்று இருந்தது. கீழே, விசாரித்து எழுதியது: இரண்டு பேரின் அம்மாக்கள் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மூன்றாவது பிள்ளைக்குச் சத்துணவு வரிசையில் தனியாக நிற்க வெட்கம். அடுத்த வாரக் குறிப்பு ஒரே வரி: "நாம் ஐந்து பேரும் அவளோடு வரிசையில் நிற்பது." அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சமூகப்பணி படிப்பவர்கள் களப்பணி என்று வருடக்கணக்கில் பழகுவதை, பதினாறு வயதுப் பெண் தானாகவே செய்திருக்கிறாள்.

உங்கள் மகளின் நோட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். மறைக்கல்வி எடுப்பதில்தான் அவளுக்கு ஆசை என்றால் ஆசிரியர் படிப்பை யோசிக்கலாம். சண்டை போட்ட தோழிகள் அவளைத் தேடி வருகிறார்கள் என்றால் உளவியல் அல்லது சட்டம். வரவு செலவு எழுதுவது பிடிக்கிறதா, காமர்ஸ் பக்கம் பார்க்கலாம். சமூகப்பணி என்றால் சென்னையில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், மும்பையில் 1936-இல் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. தொண்டு நிறுவனங்களில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் மனிதவளம் எடுத்தவர்கள் கம்பெனிகளுக்கும், மருத்துவ சமூகப்பணி எடுத்தவர்கள் ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறார்கள்.

சரி, மார்க் விஷயம். இதில் நீங்கள் கவலைப்படுவது நியாயம். பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தலைவி என்ற சான்றிதழுக்கு அதில் இடமே இல்லை. எந்தப் படிப்பை நினைத்தாலும் இப்போது எடுத்திருக்கும் பாடத்தை அவள் சரியாக முடித்தாக வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். மூன்றில் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். எது என்று அவளே சொல்லட்டும். நம் பள்ளியிலும் பங்கிலும் ஒரு பழக்கம் உண்டு: எந்த வேலைக்கும் அதே நல்ல பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். அவள் இன்னும் இரண்டு இடத்தில் உழைக்கிறாள் என்பது கூப்பிடுகிற சிஸ்டருக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், கோபமில்லாமல். விடுகிற பொறுப்புக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அவள் பழக்கிவிடட்டும், அதுவும் தலைமைதான். விட்டது விட்டதாகவே போய்விடாது. கல்லூரி மாணவர்களுக்கு 1924 முதல் ஐக்கஃப் என்ற கத்தோலிக்க மாணவர் இயக்கம் இருக்கிறது, அங்கே போய்த் தொடரலாம்.

அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டையும் கணக்கு விடைத்தாளையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் அரைமணி நேரம் அவளோடு தனியாகப் பேசுகிறேன். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவோம்.