பக்கவாத்தியக்காரர் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கேள்வி: "பெரிய பட்டியல்களில் வராத, நல்ல மாற்று இசை ஆல்பங்களை எப்படித் தேடுவது? ஆப் பரிந்துரைப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது."

எனக்கு இதற்கான பதில் மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய அந்த வளாகத்தில் பழைய எல்பி இசைத்தட்டு விற்கும் பெரியவர் ஒருவரின் கடையில் அட்டைப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர், "தம்பி, திருப்பிப் பாரு. யாரு வாசிச்சிருக்காங்கன்னு பின்னாடிதான் போட்டிருக்கும்" என்றார். பின்னட்டையின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் பத்துப் பதினைந்து பெயர்கள்.

இது எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த பழக்கம்தான். மார்கழி சீசனில் அப்பா பேப்பரில் கச்சேரிப் பட்டியலை விரித்தால், முதலில் பார்ப்பது மிருதங்கம் யார் என்று. பாடுகிறவர் புதியவராக இருந்தாலும் பக்கவாத்தியத்தை நம்பிக் கிளம்பிவிடுவார். ராக்குக்கும் ஃபோக்குக்கும் அதே வழியில் போகலாம் என்று எனக்குத்தான் தோன்றாமல் போயிற்று.

நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சக்தி குழுவைப் பலருக்கும் தெரியும். கிதார் ஜான் மெக்லாஃப்லின், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், வயலின் எல். சங்கர். மெட்ராஸில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அந்த சங்கரின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். 1979இல் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா தயாரித்த 'டச் மீ தேர்' வந்தது. வயலினில் ராக் வாசித்த ஆல்பம். எனக்கு முழுசாகப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1981இல் ஜெர்மனியின் ஈசிஎம் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட 'ஹூஸ் டு நோ' வேறு ரகம். பத்துத் தந்தி இரட்டை வயலின். ஒரு பக்கம் உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், இன்னொரு பக்கம் ஜாகிர் உசேன் தபலா. தாளம் போடுவது சங்கரின் அப்பா லட்சுமிநாராயணா. ராகம் தானம் பல்லவி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்கப் போகிறது. நம் சபாக்காரர்களும் இதைப் பேசுவதில்லை, ராக் கேட்கிறவர்களும் பேசுவதில்லை. அங்கிருந்து சங்கரும் நார்வேயின் சாக்ஸஃபோன் கலைஞர் யான் கர்பாரெக்கும் சேர்ந்து வாசித்த 'சாங் ஃபார் எவ்ரிஒன்'. அப்புறம் இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியேலின் 1989 ஆல்பமான 'பேஷன்'. அதிலும் இதே இரட்டை வயலின்தான்.

இன்னொரு சங்கிலி எனக்கு இன்னும் நெருக்கமானது. 'இட்ஸ் மை லைஃப்' என்ற ஹிட் பாட்டால் டாக் டாக் என்ற இங்கிலாந்துக் குழுவை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதே குழு 1988இல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' போட்டது. ஆறே பாட்டு, ஏறக்குறைய 41 நிமிடம். ரேடியோவில் போடுகிற மாதிரி எதுவும் இல்லாததால் அப்போது விற்கவில்லை. பிற்பாடு போஸ்ட் ராக் என்று பெயர் வைத்த இசைக்கு விதை இதுதான் என்பார்கள். முதல் தடவை தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கேட்டேன். குரோம்பேட்டை தாண்டியும் காதில் ஒன்றும் விழவில்லை, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன். அன்று ராத்திரி மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் ஓரமாகப் பாய் போட்டு மறுபடி போட்டேன். தூரத்தில் ஒரு டிரம்பெட், அதன் கீழே மெல்லிசாக வயலின்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படியே நகர்ந்து, சட்டென்று ஒரு கிதார் உள்ளே வருகிறது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸ் பாடும்போது வாய்க்குள்ளேயே பாதிச் சொல் நின்றுவிடும். அந்த மிச்சப் பாதிக்காகவே இன்றும் கேட்கிறேன்.

இந்த ஆல்பத்தில் டபுள் பேஸ், அதாவது ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும் கனத்த குரல் வாத்தியம், வாசித்தவர் டேனி தாம்சன். அவர் பெயரைப் பிடித்துப் போனால் பாடகர் ஜான் மார்ட்டினின் 'சாலிட் ஏர்', 1973. அதன் தலைப்புப் பாட்டு, நண்பரும் பாடகருமான நிக் டிரேக்கை நினைத்து எழுதியது. அடுத்த வருடமே நிக் டிரேக் 26 வயதில் இறந்துபோனார். அவருடைய முதல் ஆல்பத்தில் டபுள் பேஸ் யார் என்று பாருங்கள், மறுபடி டேனி தாம்சன். அதைத் தயாரித்தவர் ஜோ பாய்ட், வயலின் வரிசைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ராபர்ட் கிர்பி. இந்த இரண்டு பேரும் வஷ்டி பன்யன் என்ற பெண்ணின் 1970 ஆல்பத்திலும் இருக்கிறார்கள். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துத் தீவுகளுக்குக் குதிரை வண்டியில் போகும் வழியில் கட்டிய பாட்டுகள் அவை. யாரும் வாங்கவில்லை. அவர் பாடுவதையே விட்டுவிட்டார். 2000இல் அந்த ஆல்பம் மறுபடி வெளிவந்து, புதிய தலைமுறை தேடிப் பிடித்துக் கேட்டதும், 2005இல் இரண்டாவது ஆல்பம் போட்டார். நடுவில் 35 வருடம். ஒரு ஆல்பம் காணாமல் போவதும் பாட்டு சரியில்லாமல் போவதும் வேறு வேறு என்று எனக்கு உறைத்தது இவரைக் கேட்டபோதுதான்.

நம் நாட்டிலும் அப்படி ஒன்று உண்டு. இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் கம்பெனியின் டிபி 303 பேஸ் சிந்தசைசர், டிஆர் 808 டிரம் மெஷின் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அதே 303 கருவியில் சிகாகோக்காரர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையைச் செய்தது 1987இல் வெளிவந்தது. சரண்ஜித் சிங்கை 2010 மறுபதிப்பு வரைக்கும் உலகம் கண்டுகொள்ளவில்லை. அதில் பைரவ் ராகத்தை முதலில் கேளுங்கள். நம் மாயாமாளவகௌளை. சின்ன வயதில் சரளி வரிசை பாடிய அதே ஸ்வரங்கள், ஒரு மெஷினுக்குள்ளிருந்து குமிழி குமிழியாக வரும்போது எனக்குப் புல்லரித்தது.

சென்னையில் இன்று நடப்பதற்கும் இதே வழிதான். கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்த குரங்கன் குழுவைக் கேட்டுவிட்டு, டென்மாவின் பெயரைத் தொடர்ந்தால் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு. அங்கே ராப் பாடகர் அறிவு. அவர் பெயரோடு போனால் 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் செய்த 'தெருக்குரல்'. 'எஞ்சாயி எஞ்சாமி'யில்தான் அறிவைத் தெரியும் என்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

எப்படிச் செய்வது என்றால், பிடித்த ஒரு ஆல்பத்தை எடுங்கள். ஆப்பில் வாசித்தவர்கள் விவரம் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் இருக்கும், அதனால் ஆல்பங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் (Discogs) தளத்தில் தேடுங்கள். தலைவரை விட்டுவிட்டு பேஸ், டிரம்ஸ், தயாரிப்பாளர், இந்த மூன்று பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் வேறு எதில் வாசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கிடைத்த ஆல்பத்தை ஷஃபிளில் போடாமல் முதல் பாட்டிலிருந்து கடைசி வரை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவையிலேயே தள்ளியிருந்தால் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' எனக்குக் கிடைத்தே இருக்காது.

நீங்கள் எந்த ஆல்பத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அதன் பின்னட்டையில் எனக்குத் தெரிந்த பெயர் இருந்தால் அடுத்தது எங்கே போகலாம் என்று சொல்கிறேன்.