‘முழுவதும்’ தெரிகிறதா?

கேள்வி: கண்ணை மூடினால் எங்கள் ஊர்த் தேரடி வீதி முழுவதும் மனக்கண்ணில் தெரிவதாக என் அப்பா சொல்கிறார். எனக்கோ வெறும் இருட்டுதான். இது கவனக் குறைவா, மூளைக் கோளாறா? நடுமூளையைத் தூண்டும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா?
– வாசகி ஒருவர், திருவாரூர்

பதில்: உங்கள் இருட்டை விட, அப்பாவின் ‘முழுவதும்’தான் என்னை உறுத்துகிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுவதும் தெரிவதாகத் தோன்றுவது வேறு, தெரிவது வேறு. விழித்திருக்கும்போதே, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடத்தைத்தான் கண் துல்லியமாகப் பார்க்கிறது. மற்றதைக் கண்ணின் அசைவும் கவனமும் மூளையின் ஊகமும் சேர்ந்து இட்டு நிரப்புகின்றன.

மனக்கண்ணுக்கும் கவனம்தான் எஜமான் என்பதற்கு, எடோர்டோ பிசியாக், கிளாடியோ லுசாட்டி என்னும் ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட, இத்தாலியின் மிலான் நகர ஆய்வைச் சாட்சிக்கு அழைக்கிறேன். மூளையின் வலப்பாதி பழுதுபட்டதால் இடப்பக்கம் கவனமே செல்லாத இரு நோயாளிகளிடம், அவர்கள் நன்கறிந்த பேராலயச் சதுக்கத்தைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். சதுக்கத்தின் எதிர்க்கோடியில் நின்று ஆலயத்தைப் பார்ப்பதாக எண்ணியபோது, வலப்பக்கத்துக் கட்டடங்களைச் சொன்னவர்கள் இடப்பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆலய வாசலில் நின்று எதிர்த்திசையில் பார்ப்பதாக எண்ணச் சொன்னதும், சற்றுமுன் விடுபட்டவையெல்லாம் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டதால் அவர்கள் வாயிலிருந்து வந்தன. முன்பு சொன்னவை இப்போது விடுபட்டன. நினைவு முழுதாக உள்ளேயே இருந்தது. கவனம் போன பக்கம் மட்டுமே மனத்தில் காட்சியாயிற்று. நோயில்லாத உங்கள் அப்பாவுக்கு வீதியின் இரு புறமும் வரும் என்றாலும், மூன்றாவது கடையின் பலகையில் எத்தனை வரி என்று கேட்டுப் பாருங்கள். முழுமை அங்கே தடுமாறும்.

உங்கள் இருட்டு நோயன்று. காலை உணவு மேசையை மனத்தில் காணுமாறு 1880-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் கேட்டபோதே, அப்படியொரு காட்சி தங்களுக்கு எழுவதில்லை என்று சில அறிஞர்கள் சாதித்தார்கள். நரம்பியல் மருத்துவர் ஆடம் சேமன் 2015-இல் இதற்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டார். ஒளிமிக்க உருவத்தைக் கற்பனை செய்தால் மற்றவர்களின் கண்மணி சுருங்குவதும், மனக்காட்சி எழாதவர்களுக்குச் சுருங்காததும் 2022-இல் வெளியான சோதனையில் தெரிந்தது. ஆகவே இது சோம்பலுமன்று, பாசாங்குமன்று. பிக்சார் என்னும் அசைபட நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான எட் கேட்மல் இத்தகையவர்தான். திரையில் உருவங்களை உலவவிட அது அவருக்குத் தடையாகவில்லை.

இனி என் பழைய பகையாளியான நடுமூளைப் பயிற்சி வகுப்புக்கு வருகிறேன். நடுமூளை நம்மை விழித்திருக்கச் செய்கிறது, விழிகளை அசைக்கிறது. அது தூண்டப்படாமல் கிடக்கும் மனிதர் பயிற்சி வகுப்பின் வரிசையில் நிற்க மாட்டார், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தித்தாள் படிக்கும் பிள்ளையைக் காட்டித்தான் கட்டணம் வசூலிக்கிறார்கள். அந்தத் தாளைப் பிடுங்கி, பிள்ளையின் நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். மூக்கோரச் சந்து வழியாகக் கீழ்நோக்கி மட்டுமே பாயும் அந்த ஞானம் உடனே நின்றுவிடும். ஏன் என்று கேட்டால், ‘உங்கள் அவநம்பிக்கையால் அலைவரிசை கெட்டுவிட்டது’ என்று பயிற்சியாளர் உங்களைத்தான் கடிந்துகொள்வார். கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்.