காலிப்பர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் கல் குவாரி ரயில் மாடலைக் கையாலேயே செய்பவர்களிடமிருந்து வந்தவை. மிக்ஸியும் இன்வெர்ட்டரும் அடுத்த வாரம். தலைப்பிலுள்ள காலிப்பர், தடிமனையும் இடைவெளியையும் மில்லிமீட்டரில் அளக்கும் கருவி.

கேள்வி (ராணிப்பேட்டை): மாடல் செய்ய ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஷீட் என்று கேட்டு 2 மி.மீ. வெள்ளை ஷீட் வாங்கினேன். பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைக்கும் சால்வென்ட்டைத் தடவினால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. சால்வென்ட் போலியா?

பதில்: ஷீட்தான் வேறு. உங்களுக்குக் கொடுத்தது விளம்பரப் பலகைக்காரர்கள் வாங்கும் சன்போர்டு, அதாவது பி.வி.சி. நுரைப் பலகை. அடுத்த முறை ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, டீக்கடைத் தண்ணீர் டம்ளரில் போட்டு விரலால் அமுக்கிவிடுங்கள். ஸ்டைரீன் மூழ்கும். சன்போர்டு மிதக்கும். பாலிபுரொப்பிலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கும் மிதக்கும், அதில் எதுவும் ஒட்டாது. மிதப்பதை எஞ்சினுக்கு வாங்காதீர்கள். வாங்கியதைத் தூக்கிப் போடவும் வேண்டாம்: தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறினால் நல்ல கருங்கல் சுவர் வரும், ஒட்டுவதற்கு ஃபெவிக்விக். நான் ஏமாந்து வாங்கிய 8க்கு 4 அடிப் பலகையில் இன்னும் முக்கால்வாசி பரண்மேல் கிடக்கிறது.

கேள்வி (குடியாத்தம்): எஞ்சினின் தண்ணீர்த் தொட்டிக்கு 1 மி.மீ. ஷீட்டின் மேல் 0.5 மி.மீ. ஷீட் ஒட்டினேன். இரண்டு வாரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவாரா?

பதில்: தரமாட்டார், தரவும் வேண்டாம். இரண்டு ஷீட்டுக்கும் நடுவே சால்வென்ட்டைக் குளமாக ஊற்றியது நீங்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி பிளாஸ்டிக்கை இளக்கிவிட்டது. உள்பக்க ஷீட்டில் 15 மி.மீ.க்கு ஒன்றாக 1 மி.மீ. துளை போட்டு, சால்வென்ட்டைக் கொஞ்சமாகத் தடவி, ஒரு நாள் கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள்.

கேள்வி (காட்பாடி, பொறியியல் மாணவர்): குவாரி எஞ்சினுக்கு என்20 என்ற குட்டி கியர் மோட்டார், 12 வோல்ட், 1000 ஆர்.பி.எம். வாங்கினேன். ராக்கெட் மாதிரி பாய்கிறது. பழுதான மோட்டாரா?

பதில்: தம்பி, கணக்குப் போட்டீர்களா? 20 அங்குலச் சக்கரம் 1:35 அளவில், அதாவது நிஜத்தில் 35ல் ஒரு பங்காக, 14.5 மி.மீ. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு ஒன்றுக்கு ஒன்று பல்சக்கரம் என்றால், 100 ஆர்.பி.எம். மோட்டார் தருவது நிஜ அளவில் மணிக்கு 9.6 கி.மீ. கல் வண்டிக்கு அது தாராளம். உங்களுடையது 96 கி.மீ. வோல்டேஜைக் குறைத்து ஓட்டினால் இழுவிசையும் போய், இரண்டு வண்டி மாட்டியதும் நின்றுவிடும். நீங்கள் கேட்டதைத்தான் கடைக்காரர் கொடுத்திருக்கிறார். 100 ஆர்.பி.எம். வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆற்காடு): ஆன்லைனில் ‘ஹெச்ஓ 1:35 நேரோகேஜ் சக்கரம்’ (குறுகிய பாதைக்கானது) 10 ஜோடி, 1,400 ரூபாய். என் பாதை 16.5 மி.மீ. எல்லா வண்டியும் தடம் புரள்கிறது. கேட்டால், ‘ஹெச்ஓ என்றால் ஹெச்ஓதான் சார்’ என்கிறார்கள்.

பதில்: ஹெச்ஓ என்றால் 1:87. ஒரே வரியில் ஹெச்ஓவும் 1:35ம் சேர்ந்து இருக்கவே முடியாது. இந்த விற்பனையாளர்களுக்கு ஸ்கேலும் கேஜும் ஒன்று. ஸ்கேல் என்பது நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கினோம் என்பது. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவிலுள்ள தூரம். அதே 16.5 மி.மீ. பாதை 1:87ல் 1435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜ், 1:43.5ல் சுமார் 718 மி.மீ., 1:35ல் 578 மி.மீ. வேல்ஸில் டினோர்விக் சிலேட்டுக் குவாரிப் பாதை 1 அடி 10¾ அங்குலம், சரியாக அந்த 578. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 1:35ஐத் தேடுகிறார்கள், ராணுவ மாடலுக்கு வரும் மனிதப் பொம்மைகளும் அதே அளவில் கிடைக்கும். ‘ஹெச்ஓ’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் எல்லாம் விற்றுவிடும் என்று நினைப்பவனிடம் சக்கரத்தின் விட்டம், அச்சின் தடிமன், ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடைப்பட்ட தூரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

உங்கள் சக்கரங்களின் உள்முகத் தூரம் 14.4 முதல் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். சுற்றிலும் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். 15ஐத் தாண்டினால் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறும். 14க்குக் கீழே போனால் பாதை பிரியும் பாயிண்ட்டில் மோதும். எழுதியது ஒன்று, வந்தது வேறு என்றால் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்க முடியாது. 2020ன் மின்வணிக விதிகள் அப்படிச் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். காலிப்பர் காட்டும் எண்ணோடு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி (சோளிங்கர்): 1:35க்குத் தண்டவாளம் கோட் 100ஆ, 75ஆ?

பதில்: 75. கோட் என்பது தண்டவாளத்தின் உயரம், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அதை 35ஆல் பெருக்கினால் 2⅝ அங்குலம், கெஜத்துக்கு 20 ராத்தல் தண்டவாளத்தின் உயரம்.

கேள்வி (வாலாஜாபேட்டை): மாடல் பாதைக்கு ‘இயற்கை ஜல்லி’ 200 கிராம் 450 ரூபாய். வாங்கலாமா?

பதில்: நம் பக்கம் தடுக்கி விழுந்தால் கிரஷர், நீங்கள் கல்லைக் கூரியரில் வரவழைக்கிறீர்களா? கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்து, கழுவிக் காயவைத்து, காந்தத்தால் இரண்டு முறை தடவி எடுங்கள். அதிலுள்ள இரும்புத் துகள் மோட்டாருக்குள் போனால் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு மோட்டாரைத் தின்றுவிடும்.

கேள்வி (ஆம்பூர்): 12 தொட்டி வண்டிகளை ரெசினில் (ஒளி பட்டு இறுகும் திரவ பிளாஸ்டிக்) அச்சடித்துத் தர 3டி பிரிண்ட் கடையில் 6,000 ரூபாய் ஜி-பேயில் கட்டினேன். காரில் வைத்துவிட்டு மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் எல்லாம் நெளிந்துபோய்விட்டன. ‘வெயிலில் வைத்தது உங்கள் தப்பு’ என்கிறார். பில்லும் தரவில்லை.

பதில்: தப்பு உங்களுடையது இல்லை அம்மா. நகத்தால் தொட்டிமேல் கீறிப் பாருங்கள். வரிவரியாகத் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் அடித்தது. பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கில் இளகும், மே மாதத்தில் மூடிய காருக்குள் அது சாதாரணம். ரெசின் என்று பேசியிருந்த வாட்ஸ்அப் உரையாடல், ஜி-பே ரசீது, வண்டிகளின் போட்டோ போதும், வழக்கு நிற்கும். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபால். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊர் எந்த மாவட்டமோ அந்த நுகர்வோர் ஆணையம். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் வசிக்கும் இடத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வண்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவைதான் சாட்சி.

கேள்வி (அரக்கோணம்): ‘இந்தியாவின் முதல் ரயில், செங்குன்றம் 1837, அசல் அளவு வரைபடம்’ 2,000 ரூபாய். நம்பலாமா?

பதில்: ரயில் உண்மை. சாலை போடக் கல் சுமந்தது, சிந்தாதிரிப்பேட்டை வரை. வரைபடத்தை எந்த ஆவணத்திலிருந்து அளந்தார் என்று கேளுங்கள். ஆவணத்தின் பெயர் வந்தால் பணம்.

கேள்வி (திருப்பத்தூர்): 250 ரூபாய் பிளாஸ்டிக் டிஜிட்டல் காலிப்பர் போதுமா?

பதில்: 0.1 மி.மீ. வரை காட்டும், நம் வேலைக்குப் போதும். கடையிலேயே பத்து முறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் 0 வருகிறதா பாருங்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன, ஒன்றுதான் உண்மை பேசுகிறது.