நனைந்த பக்கம், நனையாத பக்கம்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். டிசம்பர் 10 முதல் 14 வரை சிசிலித் தீவின் சிராகூசாவுக்குப் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி, போன மாதம்தான் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தது. டிக்கெட் எடுத்த பிறகுதான் அங்கே அது மழைக்காலம் என்று தெரிந்தது. கடலையும் வெயிலையும் நம்பி இவ்வளவு செலவு செய்தோம். மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா? கூரைக்குக் கீழே பார்க்கக்கூடிய இடங்களைப் பட்டியலாகத் தர முடியுமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்குச் சிரமப்படுவோமா? பழைய ஊர் என்றால் குழந்தைக்குச் சலித்துவிடாதா?

கே.

அன்புள்ள கே.,

பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த வாரம் வெர்ரெஸ் என்ற ரோம ஆளுநருக்கு எதிராக ரோமப் பேச்சாளர் சிசரோ எழுதிய உரைகளை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். 'அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் கடிதத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை.

சாப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். சிசிலியில் சைவக்காரர் பட்டினி கிடக்க மாட்டார். கத்தரிக்காய், தக்காளி, ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி, கொண்டைக்கடலை மாவில் பொரித்த பனெல்லே, ஆரஞ்சு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். நெத்திலி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். குழந்தைக்குச் சலிக்குமா என்பதை அவளிடம் கேட்க வேண்டும். என்னிடம் கேட்டுப் பயனில்லை.

இனி வெர்ரெஸ். கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்டவர், தீவைக் கொள்ளையடித்தவர். அவர்மீது வழக்குத் தொடுத்த சிசரோ ஓரிடத்தில் சிராகூசாவின் வானிலையைப் பற்றிச் சொல்கிறார்: எவ்வளவு கொந்தளிப்பான நாளாக இருந்தாலும் அந்த ஊரில் ஏதாவது ஒரு நேரத்தில் சூரியனைப் பார்த்துவிடலாமாம். அடுத்த வரியில் வெர்ரெஸ் அங்கே குளிர்காலத்தை எப்படிக் கழித்தார் என்று வருகிறது. கூரைக்கு வெளியே இருக்கட்டும், கட்டிலுக்கு வெளியேகூட அவரை யாரும் எளிதில் பார்த்ததில்லை. குறுகிய பகல்கள் விருந்தில் போயின, நீண்ட இரவுகள் இன்னும் மோசமான காரியங்களில். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரின் மழைக்கு அறைக்குள் பதுங்கிய ஒரு மனிதரைப் பற்றி எழுதி வைத்துவிட்டார்கள். நீங்கள் அவருடைய வரிசையில் சேர வேண்டாம்.

கடலையும் வெயிலையும் நம்பிப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி எனக்குக் கோபம் தந்தது, மறைக்க விரும்பவில்லை. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகூசாவுக்குப் பக்கத்தில் 48.8 டிகிரி வெயில் பதிவானது. ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு உறுதிப்படுத்தியிருக்கிறது. 2024இல் வறட்சியால் தீவு முழுவதற்கும் நெருக்கடிநிலை அறிவித்தார்கள். கோடையில் அங்கே மழை என்பது ஏறக்குறைய கிடையாது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் விழுவதுதான் எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் குடிநீருக்கும் ஆதாரம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் நாம். இன்னொருவர் ஊரில் பெய்யும் மழையைச் செலவுக் கணக்கில் நட்டமாக எழுதலாமா?

சரி, பட்டியல். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பெல்லோமோ மாளிகையில் அன்டொனெல்லோ தா மெஸ்ஸினா 1474இல் வரைந்த 'மங்கள வார்த்தை' ஓவியம் (இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாளுக்கு அறிவிக்கும் காட்சி), வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துபோய். மால்டாவின் சிறையிலிருந்து தப்பி வந்த கரவாஜ்ஜியோ 1608இல் வரைந்த புனித லூசியாவின் அடக்கம். அது இரண்டு தேவாலயங்களுக்கு இடையே இடம் மாறியிருக்கிறது, எதில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பழைய யூதர் குடியிருப்பான ஜுதெக்காவில் ஒரு விடுதிக்கு அடியில், 1989இல் கண்டுபிடிக்கப்பட்ட சடங்குக் குளியல் தொட்டிகள். நிலத்தடி நீர் இன்றும் ஊறுகிறது. செங்குத்தான படிகள், அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். அதே பகுதியில் வாளேந்திய மரப்பாவைகளின் கூத்து. பாப்பிரஸ் அருங்காட்சியகம். பழைய நாணயங்களுக்கு பாவ்லோ ஓர்சி அருங்காட்சியகம். இவற்றில் இரண்டைப் பாருங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.

மிச்சமாகும் நேரம் முழுவதையும் ஒரே ஒரு கட்டடத்துக்குக் கொடுங்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

நான் அங்கே போனது ஒரு நவம்பரில். இரண்டாம் நாள் விடியும்போதே மழை. நானும் நண்பகல் வரை சன்னலோரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கார அம்மாளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடையது தெரியாது. கதவைத் தட்டி ஒரு பெரிய கறுப்புக் குடையை என் கையில் வைத்து, "துவோமோ" என்று மட்டும் சொன்னார். பேராலயம்.

முகப்பைப் பார்க்கும் சதுக்கத்துக்குப் போகாமல், வழி தவறி அதன் பக்கவாட்டில் ஓடும் மினெர்வா தெருவுக்குள் வந்துவிட்டேன். அங்கே சுவருக்குள்ளிருந்து தூண்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. கி.மு. 480இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜியரை வென்ற பிறகு சிராகூசாவின் கிரேக்கர்கள் அதீனா தேவிக்குக் கட்டிய கோயிலின் தூண்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறுக்களவு. மழைநீர் தூணின் நெடும்பள்ளங்கள் வழியாகவே ஒழுகியது. சுண்ணாம்புக்கல் நனைந்து வெல்லத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. விரல்களை முழுக்க விரித்து வைத்தும் என் கை ஒரு பள்ளத்தின் ஓரங்களைத் தொடவில்லை. முகப்புப் பக்கத்திலிருந்து அது எத்தனையாவது தூண் என்று எண்ணி வைத்துக்கொண்டேன்.

பிறகு உள்ளே போய் இடப்பக்க நடையில் அதே எண்ணிக்கைக்கு நடந்தேன். அதே தூணின் மறுபக்கம் சுவரிலிருந்து வெளியே வந்து நின்றது. உலர்ந்து, வெளிறி, தொட்டால் விரலில் மெல்லிய பொடி ஒட்டியது. ஒரு முகம் மழையில், ஒரு முகம் மெழுகுவத்தி வெளிச்சத்தில். பக்கத்தில் ஒரு கிழவி மடக்கிய குடையைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார். குடையிலிருந்து வடிந்த நீர் தூணின் அடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிரேக்கர் கோயிலில் மக்கள் உள்ளே போய் உட்கார்ந்து வழிபடுவதில்லை. நடுவிலிருந்த சுவர் கட்டிய அறை அதீனாவின் சிலைக்கும் காணிக்கைகளுக்கும் உரியது. பலிபீடம் வெளியே, கிழக்கே, திறந்த வானத்தின் கீழ். மக்கள் மழையிலும் வெயிலிலும் அங்கேதான் நின்றார்கள். அறையைச் சுற்றி நின்ற தூண்களுக்கு இடையே காற்று மட்டும்தான். கிறித்தவ வழிபாட்டுக்கோ மக்கள் கூடுவதற்கு ஓர் உள்ளறை வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் ஆயர் சோசிமுஸ் காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயிலை இடிக்கவில்லை. தூண்களுக்கு இடையே இருந்த காற்றைக் கல் வைத்து அடைத்தார்கள். நடு அறையின் சுவர்களைப் பக்கத்துக்கு எட்டு வளைவுகளாகக் குடைந்து திறந்தார்கள். மூடியிருந்தது திறந்தது, திறந்திருந்தது மூடியது. வாசலும் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறிவிட்டது. 878இல் அரேபியர் நகரைப் பிடித்த பிறகு மசூதியாகவும் இருந்தது என்கிறார்கள். நார்மன்கள் வந்து மறுபடி தேவாலயமாக்கினார்கள்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் உங்கள் இருபுறமும் நிற்பது அதீனா இருந்த அறையின் சுவர். அந்தச் சுவர்களில் ஒரு குதிரைப்படைப் போரின் ஓவியங்கள் இருந்தன. கி.மு. 212இல் நகரை வென்ற ரோமத் தளபதி மார்செல்லுஸ்கூட அவற்றைத் தொடவில்லை. அவற்றைக் கழற்றிக்கொண்டு போனவரும், கோயில் கதவின் தந்தத்தையும் பொன்னையும் பெயர்த்தெடுத்தவரும் கட்டிலைவிட்டு எழாத அதே வெர்ரெஸ்தான்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுகிறார்கள். 1693 நிலநடுக்கத்துக்குப் பின் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த முகப்பு அது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து நூற்றாண்டுகளாக ஒரே கற்களுக்கு நடுவில் மனிதர்கள் வேண்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்து வாசலோடு திரும்புவது எனக்குத் தாங்க முடியாத காட்சி. வெயில் நாளில் கால் தானாகச் சதுக்கத்துக்கே போகும். மழை உங்களை உள்ளே பிடித்து வைக்கும். இன்னொரு முறை சொல்கிறேன்: மழை நின்றதும் உடனே எழுந்துவிடாதீர்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தெருப்பக்கம் ஒரு தூணை அவளே தேர்ந்தெடுக்கட்டும். உள்ளே போய் அதைக் கண்டுபிடிக்கட்டும். திருமுழுக்குத் தொட்டியைத் தாங்கும் சின்னச் சிங்கங்கள் ஏழையும் எண்ணட்டும். அம்மா வெளிறிய தூணுக்கு எதிரே உட்காரட்டும். புதிதாகத் தெளிந்த கண்ணுக்கு அந்த மங்கல் வெளிச்சம் இதமாக இருக்கும்.

அம்மாவைப் பற்றி எழுதிய நீங்கள் தேதியைக் கவனிக்கவில்லையே! டிசம்பர் 13 சிராகூசாவின் காவல் புனிதை லூசியாவின் திருநாள். கண்களுக்குரிய புனிதை. வேகவைத்த முழுக்கோதுமையில் ரிக்கோட்டா கலந்து குச்சீயா என்று அன்றைக்குச் செய்வார்கள். பஞ்ச காலத்தில் தானியக் கப்பல் வந்தபோது, அரைக்கவும் பொறுக்காமல் அப்படியே வேகவைத்துத் தின்றதன் நினைவு என்பார்கள். சைவம்தான், அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

லூசியாவின் வெள்ளிச் சிலை ஆண்டில் பெரும்பாலும் அந்தப் பேராலயத்துக்குள் பூட்டியே இருக்கும். அன்று பிற்பகல் ஊரே திரண்டு நிற்க அதைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவருவார்கள். கொஞ்சம் முன்னதாகவே போய் அம்மாவைப் படிக்கட்டின் ஓரமாக நிறுத்துங்கள். தூறினால் குடையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் முகத்தை மறைக்காமல்.