கட்டளை போட்டால் அன்பு வருமா? கேள்விகளும் பதில்களும்

மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் ஒரு வேதபாரகன், அதாவது யூத வேதத்தைப் போதிக்கிறவன், இயேசுவிடம் வந்து, கற்பனைகளிலெல்லாம் (கட்டளைகளிலெல்லாம்) பிரதானமானது எது என்று கேட்கிறான். உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழு மனதோடும் முழுப் பலத்தோடும் அன்புகூருவாயாக என்று அவர் பதில் சொல்கிறார். இதைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னது நான்தான், ஆனால் இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. முடிந்தவற்றுக்கு எழுதுகிறேன்.

ஐயா, அன்பு தானாக வர வேண்டியதுதானே? "உன் மனைவியை நேசி" என்று ஒருவர் சட்டம் போட்டால் சிரிப்புத்தான் வரும். கடவுள் மட்டும் எப்படிக் கட்டளையிடலாம்?

எனக்கும் பல வருடம் இருந்த சந்தேகம் இது. இயேசு சொன்னது புதிதல்ல, பழைய ஏற்பாட்டின் உபாகமம் 6:5-ஐ எடுத்துச் சொல்கிறார். அந்தக் காலத்து உலகில் "நேசி" என்ற சொல்லுக்கு இன்னொரு புழக்கமும் இருந்தது. கி.மு. 672-இல் அசீரிய ராஜா எசரத்தோன் தனக்குக் கீழிருந்த சிற்றரசர்களிடம் ஓர் உடன்படிக்கை வாங்கினான், அதில் தன் மகன் அசூர்பனிபாலை உங்களைப் போலவே நேசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சிற்றரசர்கள் இளவரசனை நினைத்து உருகுவார்கள் என்று எசரத்தோன் கனவு கண்டிருக்க மாட்டான். எதிரிப் பக்கம் சாயாதே, கூப்பிட்டால் வா, கப்பத்தை நிறுத்தாதே, அவ்வளவுதான் அதன் பொருள். உபாகமத்தின் "அன்புகூருவாயாக"விலும் இந்த வாடை இருக்கிறது. யார் பக்கம் நிற்கிறாய் என்பதே கேள்வி, அதைக் கட்டளையிட முடியும்.

ஆனால் அதோடு நிறுத்தினால் கடவுளைக் கப்பம் வாங்குகிறவராக ஆக்கிவிடுவோம். ஓசியா 11-ஐப் படியுங்கள், அங்கே அவர் எப்பிராயீமை, அதாவது இஸ்ரவேல் ஜனத்தை, கைபிடித்து நடக்கப் பழக்கிய தகப்பனாகப் பேசுகிறார். எந்த அசீரிய ராஜாவும் அப்படிப் பேசவில்லை. பக்கம் மாறாமல் நிற்பதும் வேண்டும், உருக்கமும் வேண்டும், ஆனால் கட்டளை முதலாவதைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறது.

உபாகமத்தில் இருதயம், ஆத்துமா, பலம் என்று மூன்றுதான். மாற்குவில் "மனது" எங்கிருந்து வந்தது?

எபிரெயத்தில் யோசிப்பதே இருதயம்தான். உணர்ச்சியின் ஆழத்தைச் சிறுநீரகத்தில் வைத்தார்கள், நம் பைபிளில் "உள்ளிந்திரியங்கள்" என்று வருவது அதுதான். மாற்கு எழுதியது கிரேக்கத்தில். கிரேக்கம் பேசுகிறவனுக்கு அந்த "யோசிப்பது" தொலைந்துபோகக் கூடாதே என்று "மனது" தனியாக வருகிறது. ஆகையால், விசுவாசி கேள்வி கேட்கக் கூடாது என்று யாராவது உங்களை அடக்கினால் இந்த வசனத்தைக் காட்டுங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது "பலம்". உபாகமத்தின் எபிரெய மூலத்தில் அது "மெஓத்". வேறு இடங்களில் "மிகவும்" என்றுதான் பொருள், ஆதியாகமம் 1:31-இல் "மிகவும் நன்றாயிருந்தது" என்கிற அதே "மிகவும்". உன் முழு "மிகவு"மாக அன்புகூரு என்றால் இலக்கணம் தடுக்கி விழுகிறது, ஆனால் அர்த்தம் புரிகிறது இல்லையா? தமிழில் "கூர்தல்" என்றாலும் மிகுதல்தான். மொழிபெயர்த்தவர்கள் யோசித்துச் செய்தார்களோ தற்செயலோ, வெறும் "நேசி"யைவிட "அன்புகூரு" நன்றாகவே பொருந்துகிறது.

அங்கிள், நான் காலேஜ் இரண்டாம் வருஷம். ஆராதனையில் சுற்றி எல்லோரும் அழுகிறார்கள், எனக்குக் கண்ணீரே வருவதில்லை. எனக்குத் தேவன்மேல் அன்பு இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளம்மா. முதலில் ஒன்று சொல்கிறேன், பாஸ்டர்கள் கோபித்துக்கொள்ளட்டும். கடைசிப் பாட்டில் கீபோர்டு வாசிக்கிறவர் சுருதியை அரைக் கட்டை ஏற்றினால் எனக்கும் கண் கலங்கும், சினிமாப் பாட்டுக்கும் அப்படியே கலங்கும். அதைத் தப்பு என்று சொல்லவில்லை, அன்பை அளக்கும் கோல் அது இல்லை என்கிறேன்.

அன்னை தெரசா 1997-இல் இறந்தார். அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோது பலருக்கு அதிர்ச்சி, ஏனென்றால் ஏறக்குறைய 50 வருடம் ஜெபத்தில் கடவுள் அருகில் இருப்பதாகவே அவர் உணரவில்லை என்று அதில் இருந்தது. அத்தனை வருடமும் காலையில் எழுந்தார், ஜெபித்தார், கொல்கத்தாத் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். அவருக்கு அன்பில்லை என்று நீ சொல்வாயா? 88-ஆம் சங்கீதத்தைப் பார், முழுக்கப் புலம்பல், எபிரெயத்தில் அதன் கடைசி வார்த்தையே "இருள்". அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உனக்கு அழுகை வரவில்லை, ஆனால் ஒன்றும் உணராமலேயே ஒவ்வொரு ஞாயிறும் போய் நிற்கிறாய். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதே.

பிரதர், தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் சீஷனாயிருக்க முடியாது என்று லூக்கா 14:26 சொல்கிறது. நான் வாரத்தில் ஐந்து நாள் சபை வேலையில் இருக்கிறேன். அம்மாவைக் கவனிப்பதில்லை என்று மனைவி சண்டை போடுகிறாள். கர்த்தரை முதலாவது வைப்பது தப்பா?

மனைவி சொல்வது சரி. லூக்காவின் "வெறுத்தல்" என்னவென்று மத்தேயு 10:37 விளக்கிவிடுகிறது: தகப்பனையோ தாயையோ என்னைவிட அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல. ஒப்பிட்டுச் சொன்னது, அம்மாவைக் கைவிடச் சொன்னதல்ல. இன்னொன்று, மாற்கு 7-இல் பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கடுமையாகத் திட்டுகிறார். சபையின் பெயரைச் சொல்லி அம்மாவின் மருந்துச் சீட்டை மேசையிலேயே விட்டுவைப்பதும் கொர்பான்தான். இந்தச் சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகாதீர்கள், அவர்களை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். உபவாசம் இருந்தே ஆக வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி வரிசையில் இருக்கலாம்.

தேவனுக்குப் பயப்படுவதா, தேவனை நேசிப்பதா?

உபாகமம் 10:12-இல் இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று 1 யோவான் 4:18 சொல்வது தண்டனைப் பயத்தைத்தான்.

தசமபாகம் தவறாமல் கொடுக்கிறேன். போதாதா?

பழைய யூத ரபிகள் அந்த "மெஓத்" என்ற சொல்லுக்கு "உன் பணம்" என்றே விளக்கம் சொன்னார்கள், ஆகையால் பணத்தை இழுத்தது சரிதான். ஆனால் கட்டளையில் இருப்பது "முழு". பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மீதி ஒன்பதில் வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தைப் பேரம் பேசினால் கணக்கு நேராகாது.

நான் சைவக் குடும்பம். "அன்பே சிவம்" என்பதும் "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்பதும் ஒன்றுதானே?

கேட்டதற்கு மகிழ்ச்சி. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி, சுவர் பொதுவாக இருந்தாலும் வீடு வேறு. அன்பும் சிவமும் இரண்டு என்பவர் அறிவிலார் என்கிறார் திருமூலர். யோவான் தன் முதல் நிருபத்தில் (4:8) தேவன் அன்பு என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அதை ஒரு நிகழ்ச்சியோடு கட்டிவிடுகிறார்: தம் குமாரனை அனுப்பினார் என்று. நாம் அவரிடத்தில் அன்புகூர்ந்ததல்ல, அவர் முந்திக்கொண்டதுதான் அன்பு என்கிறார். இந்த வேறுபாட்டை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அந்த அன்புக்குத் தமிழில் உருகத் தெரிந்ததற்குக் காரணம் உங்கள் பக்கத்தாரும் வைணவர்களும்தான். வைணவராக வளர்ந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை கிறிஸ்துவைப் பாட வந்தபோது கையில் எடுத்தது பதிக நடையைத்தான்.

ரட்சிக்கப்பட்ட புதிதில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஜெபிப்பேன். இப்போது ஷிஃப்ட் வேலை, இரண்டு பிள்ளைகள். எபேசு சபை மாதிரி ஆதி அன்பை விட்டுவிட்டேனோ?

வெளிப்படுத்தல் 2-ஐ மெதுவாகப் படியுங்கள். எபேசு சபை சோம்பேறிச் சபை அல்ல, கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்த சபை. மற்றவர்களின் உபதேசத்தில் பிழை தேடித் தேடியே அன்பு வற்றிப்போகும் என்பது என் எண்ணம், நானே அப்படி இரண்டு வருடம் வீணாக்கியிருக்கிறேன். அவர்களிடம் பழைய உணர்ச்சியைத் திரும்ப வரவழை என்று இயேசு சொல்லவில்லை, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறார். உங்களுக்கு 4 மணி முடியாது, விட்டுவிடுங்கள். உபாகமம் 6:7 வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் என்றுதான் சொல்கிறது, மணி சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் அங்கே ஆரம்பியுங்கள், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே.