ஒட்டியும் வெட்டியும்: பள்ளி விவாதப் போட்டி பற்றிக் கேள்வி பதில்

பள்ளி நாட்களில் நான்கு வருடம் விவாத மேடையில் பேசினேன். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், நடுவராகவும் உட்காருகிறேன். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

வணக்கம் அக்கா. ஒன்பதாவது படிக்கிறேன். பேச்சுப் போட்டியில் நிறையப் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது டிபேட் டீமில் பேர் கொடுத்திருக்கிறேன். நன்றாக மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் போதுமா?

போதாதும்மா. பேச்சுப் போட்டியில் உன் எதிரே சபை மட்டும்தான் இருக்கும். இங்கே நீ சொல்வதை வரிக்கு வரி குறித்துக்கொண்டு, உடனே எழுந்து பதில் சொல்ல மூன்று பேர் காத்திருப்பார்கள்.

எனக்கு இது ஒரு இறுதிப் போட்டியில்தான் உறைத்தது. பள்ளியில் செல்போனைத் தடை செய்ய வேண்டும் என்பது தலைப்பு. நாங்கள் ஒட்டிப் பேசும் அணி, நான் இரண்டாவது பேச்சாளர். போன் இருந்தால் கவனம் சிதறும் என்று அருமையாக ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். எதிரணியின் முதல் பேச்சாளர் எழுந்து, "கவனம் சிதறும் என்பதை ஒத்துக்கொள்கிறோம். தடை போட்டால் அது நின்றுவிடுமா என்பதுதான் எங்கள் கேள்வி" என்றார். அது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. எழுந்துபோய், கவனம் சிதறும் என்பதையே மூன்று நிமிடம் நிரூபித்துக்கொண்டிருந்தேன். நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். யாரும் மறுக்காத ஒன்றை நிரூபித்ததில் எங்கள் நேரம் போனது, கோப்பையும் போனது.

மேடை பயம் இல்லாமல், குரலும் பழகி வருகிறாய். அது பெரிய பலம். ஆனால் மனப்பாடம் ஆரம்ப இரண்டு வரிகளோடு நிற்கட்டும்.

அண்ணன்மார்கள் எல்லாம் "ரெபட்டல் (எதிரணி வாதத்தை மறுப்பது) முக்கியம்" என்கிறார்கள். எதிராளி பேசும்போது கேட்பதா, எழுதுவதா, பதில் யோசிப்பதா? மூன்றும் ஒன்றாக வரமாட்டேன் என்கிறது அக்கா.

தம்பி, வந்த கேள்விகளில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தாளை எடுத்து நெடுக்குவாட்டில் இரண்டாக மடி. இடப்பக்கம் அவர்கள் சொன்னது, கறுப்பு மையில். வலப்பக்கம் உன் பதில், சிவப்பு மையில். முழு வாக்கியமாக எழுதாதே, கை ஓடாது.

இடப்பக்கத்தில் என்ன எழுதுகிறாய் என்பதில்தான் சூட்சுமம். வீட்டுப்பாடத்தை ஒழிக்க வேண்டும் என்று நீ பேசுகிறாய் என்று வை. எதிரணி, "வீட்டுப்பாடம் ஒழுங்கைக் கற்றுத்தருகிறது, ஏனென்றால் பிள்ளை தினமும் தானாக உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்கிறது" என்கிறது. நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர் "ஒழுங்கு" என்று மட்டும் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் எழுந்து, "வீட்டுப்பாடத்தால் ஒழுங்கு வராது" என்பார்கள். அது மறுப்பு ஆகாது, வெறும் முரண்டு. நீ அந்த "ஏனென்றால்" என்பதற்குப் பிறகு வந்ததை எழுது: "தானாக உட்கார்ந்து". அடிக்க வேண்டிய இடம் அதுதான். வலப்பக்கம்: "தானாகவா? பக்கத்தில் அம்மா!"

மேடையில் அது இப்படி விரியும்: "பிள்ளை தானாக உட்கார்ந்து செய்வதால் ஒழுங்கு வரும் என்றார்கள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து அதட்டினால்தான் நோட்டு திறக்கிறது என்றால், அங்கே வளர்வது அம்மாவின் பொறுமை. அப்படியே ஒழுங்கு வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், விளையாட்டுப் பயிற்சியிலும் அது வரும். அதற்குத் தூக்கத்தைப் பறிகொடுக்க வேண்டியதில்லை." அந்த "அப்படியே வைத்துக்கொண்டாலும்" என்ற சொற்களைப் பழக்கிக்கொள். முதல் அடி தவறினாலும் இரண்டாவது நிற்கும்.

பயிற்சிக்கு ஒரு வழி. நண்பனை ஐந்து நிமிடம் பேசவிடு. முடிந்ததும் அவன் வாதத்தை நீ அவனிடமே திருப்பிச் சொல். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவன் சொல்லும்வரை மறுப்புக்குப் போகாதே. இரண்டு வாரத்தில் மூன்று வேலையும் ஒன்றாக ஓடத் தொடங்கும்.

குறுக்குக் கேள்வி (பாயிண்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன்) எத்தனை எடுக்கலாம்? யாராவது எழுந்து நின்றாலே எனக்குப் பேச்சு திக்கிப் போகிறது.

1988-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையில், ஒவ்வொரு முக்கியப் பேச்சுக்கும் 8 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பாதுகாக்கப்பட்ட நேரம், யாரும் குறுக்கிட முடியாது. நடுவில் உள்ள 6 நிமிடத்தில் இரண்டு கேள்வி எடுத்தால் போதும். ஒன்றுமே எடுக்காவிட்டால் பயந்துவிட்டதாக நடுவருக்குத் தோன்றும்.

எழுந்து நிற்பவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாதே. கையால் "உட்காருங்கள்" என்று காட்டிவிட்டு வாக்கியத்தை முடி. ஒரு வாதம் முழுதாக முடிந்த இடத்தில், நீயே நிமிர்ந்து "உங்கள் கேள்வி?" என்று கேள். எப்போது எடுப்பது என்பது உன் கையில்தான் இருக்கிறது. அது புரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

எனக்குத் திக்குவாய் உண்டு. டீமில் சேர ஆசை. சேர்ந்தால் மற்றவர்களின் மார்க்கையும் கெடுத்துவிடுவேனோ?

கண்ணா, சேர். நான் சொன்ன அந்த முறையில் ஒரு பேச்சுக்கான 100 மதிப்பெண்ணில் உள்ளடக்கத்துக்கு 40, பேசும் பாங்குக்கு 40, உத்திக்கு 20. பேசும் பாங்கு என்பது தடங்கலில்லாத வேகம் அல்ல. சபையைப் பார்ப்பது, நிறுத்தி அழுத்துவது, புரியும்படி சொல்வது எல்லாம் அதில் அடக்கம். போட்டிக்கு முன்பே பொறுப்பாசிரியர் வழியாக நடுவரிடம் சொல்லிவிடலாம். கூடுதல் நேரம் தேவை என்றால் அதையும் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் நடுவராக இருந்த ஒரு சுற்றில் திக்கிப் பேசும் ஒரு மாணவர் வந்தார். ஒரு சொல் வர நேரமாகும் என்பதால் வேண்டாத சொல் ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. அன்று என் தாளில் மிகத் தெளிவாக இருந்த குறிப்பு அவர் பேச்சுடையதுதான்.

நான் நம்பாத தரப்பே எனக்கு விழுகிறது. மனசாட்சிக்கு விரோதமாகப் பேசுவது பொய் ஆகாதா?

எந்தத் தரப்பு என்பது உனக்கு ஒதுக்கப்பட்டது என்று அரங்கில் எல்லாருக்கும் தெரியும். யாரையும் நீ ஏமாற்றவில்லை. இல்லாத ஆதாரத்தை உருவாக்கிச் சொல்வது, எதிராளி சொல்லாததைச் சொன்னதாகத் திரிப்பது, இவைதான் பொய். இதில் நான் கறார். என் பிள்ளைகள் இட்டுக்கட்டிய புள்ளிவிவரம் ஒன்று சொன்னால், ஜெயித்து வந்தாலும் பாராட்டமாட்டேன்.

மகள் பேச எழுந்தால் "குரலைத் தணி, ரொம்பக் கோபமாக இருக்கிறது" என்கிறார்கள். அதே வேகத்தில் பேசும் பையனை "கம்பீரம்" என்கிறார்கள். என்ன செய்வது மேடம்?

உங்கள் கோபம் நியாயமானது. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், பல முறை. மகளிடம் குரலை மாற்றச் சொல்லாதீர்கள். கருத்துச் சொல்லும் நடுவரிடம், "எந்த வாதத்தில் அது தடையாக இருந்தது?" என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். காரணம் இருந்தால் அவர் சொல்வார். இல்லாவிட்டால் தான் சொன்னதை அவரே ஒருமுறை யோசிப்பார். பள்ளி ஆசிரியர் மூலம் போட்டி நடத்துபவர்களுக்கும் எழுதுங்கள்.

ரிப்ளை ஸ்பீச்சை (கடைசியில் வரும் தொகுப்புரையை) யார் பேச வேண்டும்?

முதல் அல்லது இரண்டாவது பேச்சாளர், 4 நிமிடம். வெட்டிப் பேசும் அணி முதலில், ஒட்டிப் பேசும் அணி கடைசியில். அதில் புது வாதம் கூடாது. மோதல் நடந்த இரண்டு இடங்களை எடுத்து, அங்கே ஏன் உங்கள் கை ஓங்கியது என்று காட்டினால் போதும்.

கடைசி வார்த்தைக்கு என்றுமே மதிப்பு உண்டு. 1858-ல் அமெரிக்க அரசியல்வாதிகள் லிங்கனும் டக்ளஸும் ஏழு விவாதங்கள் நடத்தினார்கள். முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம், அடுத்தவருக்கு 90, மறுபடி முதலாமவருக்கு 30. கடைசியில் பேசும் வாய்ப்பு முதலாமவருக்கு, ஒரே மூச்சில் 90 நிமிடம் அடுத்தவருக்கு. மொத்தக் கணக்கு இருவருக்கும் சமம்.

போன வாரம் தோற்றோம். எல்லாரும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள். நடுவர் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டதாகத் தோன்றுகிறது.

நடுவர்கள் தவறுவதுண்டு தம்பி. ஒருமுறை ஓர் அணியின் நல்ல வாதம் ஒன்றை நான் எழுதாமல் விட்டது, முடிவு சொன்ன பிறகுதான் தெரிந்தது. இன்றும் அது மனதை அரிக்கிறது.

ஆனாலும் அடுத்த முறை "ஏன் தோற்றோம்?" என்று கேட்காதே. "எங்கள் இரண்டாவது வாதத்தை நீங்கள் எப்படிக் குறித்துக்கொண்டீர்கள்?" என்று கேள். நீ சொன்னதாக நினைப்பதும் அவர் தாளில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால், அந்த இடைவெளியில்தான் உனக்கு வேலை இருக்கிறது. தாளைக் காட்ட முடியுமா என்றும் கேட்டுப் பார். நானாக இருந்தால் காட்டுவேன்.