10 பங்கு 400 ஆனது, வைத்திருக்கலாமா, விற்கலாமா?

கேள்வி: 2020-ல், சிப் செய்யும் அமெரிக்க நிறுவனமான என்விடியாவின் பங்கு 10 வாங்கினேன். இரண்டு முறை பங்குப் பிரிப்பு (ஒரு பங்கைப் பலவாக உடைப்பது) நடந்து 400 ஆகிவிட்டது. என் மொத்தச் சேமிப்பில் 60 சதவீதம் இதில்தான் இருக்கிறது. 3 ஆண்டில் வீடு வாங்கப் பணம் வேண்டும். ஏஐ வளர்ச்சி இன்னும் தொடரும் என்கிறார்கள். ஸ்டாப்-லாஸ் (விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டுவிட்டு அப்படியே வைத்திருக்கலாமா?

பதில்: 400-ல் 300-ஐ விற்றுவிடுங்கள். கம்பெனி மோசம் என்பதால் அல்ல, வீட்டுப் பணம் அதில் மாட்டியிருப்பதால்.

பிரிப்பால் உங்களுக்கு ஒரு காசுகூடக் கூடவில்லை, பெருகியது வியாபாரம். 2006-ல் அறிவித்த ‘கூடா’ மென்பொருள், கேம் சிப்பைப் பொதுக் கணக்கீட்டுக்குத் திறந்துவிட்டது. 2012-ல் அலெக்ஸ்நெட் என்ற ஏஐ மாதிரி, என்விடியாவின் இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கேம் கார்டுகளில் பயிற்சி பெற்று, படங்களை இனம்காணும் போட்டியில் ஜெயித்தது. அன்றிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எழுதிக் குவித்த நிரல்கள் கூடாவைச் சார்ந்தவை; போட்டி சிப்புக்கு மாறுவதென்றால் அந்த வேலையையும் மாற்ற வேண்டும். உண்மையான பலம் இதுதான். 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் சுமார் 2,700 கோடி டாலராக இருந்த வருவாய், இரண்டே ஆண்டில் 13,050 கோடியானது.

ஆனால் அதில் 11,500 கோடிக்கு மேல் டேட்டா சென்டர் (கணினிகளைக் குவித்து வைத்திருக்கும் மையங்கள்) வியாபாரம். அதில் பெரும்பகுதியை வாங்குபவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய நிறுவனங்கள். அவர்களில் கூகுள் டிபியு என்றும், அமேசான் ட்ரெய்னியம் என்றும் சொந்தச் சிப்பே செய்கிறார்கள். இவர்கள் ஒரு ஆண்டு ஆர்டரைக் குறைத்தாலே போதும், வருவாய் சரிந்துவிடும். காலாண்டு அறிக்கை வந்ததும் மூன்றைப் பாருங்கள்: மொத்த வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், கையிருப்புச் சரக்கு விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா, மொத்த லாப விகிதம் (விற்பனையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சும் சதவீதம்) இறங்குகிறதா. 2018-ல், கிரிப்டோ நாணயம் உருவாக்க இதே கார்டுகளை வாங்கிய மவுசு அடங்கியபோது கார்டுகள் விற்காமல் தேங்கின; சில மாதங்களில் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. 2021 நவம்பரிலிருந்து 2022 அக்டோபருக்குள் விலையில் மூன்றில் இரண்டு பாகம் சரிந்தது. வீட்டுக்கு முன்பணம் கட்டும் மாதத்தில் இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?

ஸ்டாப்-லாஸை நம்பாதீர்கள். 2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை, பங்கு 142.62 டாலரில் முடிந்தது. டீப்சீக் என்ற சீன நிறுவனம் குறைந்த செலவில் ஏஐ உருவாக்கியதாகச் செய்தி பரவி, திங்கள் காலை 125 அருகே திறந்தது, 118.42-ல் முடிந்தது. 135-ல் ஸ்டாப்-லாஸ் போட்டவருக்கும் 125 அளவில்தான் விற்பனையாகியிருக்கும். சந்தை திறந்திருந்த நேரத்தில் 135 என்ற விலையே வரவில்லையே!

75, 75 பங்காக நான்கு தவணையில் விற்றுவிடுங்கள். தேதிகளை இன்றே குறித்து வையுங்கள், ‘இன்னும் ஏறட்டும்’ என்று தள்ளாதீர்கள். தவணைகள் இரண்டு வரி ஆண்டுகளில் விழும்படி அமைத்தால், உங்கள் ஊர் விதிப்படி லாபவரி குறைகிறதா என்று வரி ஆலோசகரிடம் கேளுங்கள். விலை ஏறாமல் இறங்காமல் இருந்தால், மிஞ்சும் 100 பங்கு சேமிப்பில் 15 சதவீதம். அதை நீண்ட காலத்துக்குத் தாராளமாக வைத்திருக்கலாம்.

வந்த பணத்தில் வீட்டுத் தொகை முதலில் டெபாசிட்டுக்குப் போகட்டும். மீதியை எஸ்&பி 500 (அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) ஃபண்டில் போடுவதானால், அதிலும் என்விடியா இருக்கிறது; 2025-ல் அதன் எடை 7 சதவீதத்தைத் தாண்டியது. அதையும் சேர்த்தே உங்கள் 15 சதவீதத்தைக் கணக்கிடுங்கள்.